யார் நிற்பது என்பதை யார் சொல்வது: ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் மறுபோட்டியின் வரலாறு

சட்டமன்ற உறுப்பினர் ஒருவர், தம் பதவிக்காலம் முடியும் தறுவாயில், அதே தொகுதியில் மீண்டும் வேட்பாளராக நிற்கப்போவதாக ஊருக்குத் தெரிவிக்கும் அறிவிப்பு, தேர்தல் சட்டம் எங்கும் வரையறுக்காத ஒரு வழக்கமாகும். வேட்புமனுத் தாக்கல், மனு ஆய்வு, திரும்பப் பெறுதல், வாக்குப்பதிவு, எண்ணிக்கை ஆகிய ஒவ்வொன்றுக்கும் 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் காலமும் முறையும் வகுத்திருக்க, பதவியில் இருப்பவர் மீண்டும் நிற்பதென முடிவு செய்வதும் அதனை வெளியிடுவதும் வழக்கத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டிருக்கின்றன. இவ்வழக்கம் நாட்டுக்கு நாடு பெரிதும் வேறுபடுகிறது. அமெரிக்க மாநிலங்களில், கட்சியின் வேட்பாளர் யார் என்பதையே வாக்காளர்கள் வாக்களித்து முடிவு செய்யும் முதனிலைத் தேர்தல் நடைபெறுவதால், பதவியில் இருக்கும் உறுப்பினர் தாமே முன்வந்து தம் போட்டியை அறிவிக்கிறார். மெக்சிகோவிலோ 1933 முதல் சட்டமன்ற உறுப்பினர் எவரும் அடுத்தடுத்த இரு முறை பதவி வகிக்கக் கூடாது என்னும் தடை இருந்து, 2014-இல் கொண்டுவரப்பட்ட அரசியல் சட்டத் திருத்தத்தால்தான் அது நீங்கியது. இந்தியாவில் ஒருவர் எத்தனை முறை வேண்டுமானாலும் நிற்கலாம். எனினும் தமிழ்நாட்டில் "மீண்டும் நிற்கிறேன்" என்று தாமாகச் சொல்லும் உரிமை இன்று உறுப்பினரிடம் நடைமுறையில் இல்லை. அது கட்சித் தலைமையிடம் சேர்ந்துவிட்டது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலத்தில் அவ்வுரிமை யாரிடமிருந்து யாரிடம் சென்றது என்பதை அறிவதற்கு, ஒரு முதலமைச்சரையே தோற்கடித்ததும், ஐந்து முறை ஒருவரையே தேர்ந்தெடுத்ததுமான ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தைக் காட்டிலும் பொருத்தமான களம் கிடைப்பது அரிது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஒன்றற்கொன்று பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள ஸ்ரீவில்லிபுத்தூரும் இராஜபாளையமும் நிருவாக வரலாற்றில் பல கைகள் மாறியவை. முன்னர்த் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, 1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவாக்கப்பட்டபோது அதனுடன் இணைக்கப்பட்டது. 1985-இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபோது, காமராஜர் பெயரால் முதலில் வழங்கி இன்று விருதுநகர் மாவட்டம் எனப்படும் மாவட்டத்தில் சேர்ந்தது. ஆண்டாள் கோயிலைச் சுற்றி வளர்ந்த பழைய ஊரான ஸ்ரீவில்லிபுத்தூர், 1875-இல் தொடங்கப்பட்ட பென்னிங்டன் நூலகத்தையும் நீண்டநாள் அலுவலக மரபையும் உடையது. இராஜபாளையமோ, விஜயநகர ஆட்சிக் காலத்தில் ஆந்திரப் பகுதியிலிருந்து வந்து குடியேறியதாகக் கூறப்படும் ராஜுக்களின் வேளாண்மையாலும், 1936-இல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா தொடங்கிய இராஜபாளையம் மில்லைத் தொடர்ந்து எழுந்த நூற்பாலைகளாலும் வளர்ந்த தொழில் நகரம். கோயில் நகரத்தின் குடும்பங்களும், ஆலைத் தொழிலாளர் சங்கங்களும், நெசவாளர்களும், மலையடிவாரத்துக் கண்மாய்ப் பாசன உழவர்களும் ஒரே வட்டாரத்தில் நெருங்கி வாழ்வதனால், எந்த ஒரு சாராரின் ஆதரவைக் கொண்டு மட்டும் இங்கே ஒருவர் இருமுறை வெல்வது எளிதாக இருந்ததில்லை. 1949-இல் சென்னை மாகாண அரசு ஏற்றுக்கொண்ட முத்திரையில் உள்ள கோபுரம் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரமே என்று பரவலாகக் கருதப்படுவதையும் இங்கே நினைவு கூரலாம். இன்று தமிழ்நாட்டின் சட்டமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரின் கடிதத்தாளிலும் பொறிக்கப்படும் சின்னம் அதுவே.

மறுபோட்டி என்னும் கருத்து, பதவிக்காலம் வரையறுக்கப்பட்ட தேர்தல் அவை தோன்றிய பிறகே பொருள் பெறுகிறது. 1919-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தின்படி 1920-இல் நடந்த தேர்தலில் அமைந்த சென்னைச் சட்டசபைக்கு மூன்றாண்டுக் காலம் விதிக்கப்பட்டது. வாக்குரிமை, நிலவரியோ நகராட்சி வரியோ செலுத்தும் சிறு பகுதியினருக்கே உரியதாக இருந்தது. வாக்காளர்களின் தொகை அவ்வளவு சுருங்கியிருந்த காலத்தில், வேட்பாளராக நிற்பதென்பது பெரும்பாலும் ஒரு தனிமனிதரின் அல்லது ஒரு குடும்பத்தின் முடிவாகவே இருந்தது. தாலுகா போர்டு, ஜில்லா போர்டு எனப்பட்ட உள்ளாட்சி அவைகளில் இருந்து பழகியவர், ஊர்ப் பெரியவர்களையும் நிலக்கிழார்களையும் கண்டு பேசி, தம் பெயரிலேயே அச்சிட்ட வேண்டுகோளை வாக்காளர்களுக்கு அனுப்பி, தமக்கு வாக்களிக்குமாறு கேட்டுக்கொள்வது அக்கால முறை. கட்சி என்பது சட்டசபைக்குள் சென்ற பிறகு சேரும் அணியாக இருந்ததே தவிர, யார் நிற்க வேண்டும் என்று ஊருக்கு எழுதி அனுப்பும் அமைப்பாக இன்னும் வளரவில்லை. எனவே அக்காலத்தில் அறிவிப்பின் சொந்தக்காரர் வேட்பாளரே ஆவார். அவருடைய செல்வமும் செல்வாக்குமே அவ்வுரிமைக்கு அடிப்படையாக இருந்தன என்பது அதன் குறை.

இந்நிலையை 1937-ஆம் ஆண்டுத் தேர்தல் மாற்றியது. 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 215 உறுப்பினர் கொண்ட கீழவைக்கு நடந்த அத்தேர்தலில் காங்கிரஸ் 159 இடங்களை வென்றது. வாக்குரிமை விரிந்தும் எழுத்தறிவு விரியாத நிலையில், வாக்காளர் எளிதில் அடையாளம் காண்பதற்காக வாக்குப் பெட்டிகளுக்கு நிறம் கொடுக்கப்பட்டபோது, காங்கிரசின் மஞ்சள் பெட்டி ஊர்தோறும் பேசப்பட்டது. பெட்டியின் நிறத்தைச் சொல்லி வாக்குக் கேட்கத் தொடங்கிய அந்தக் கணத்திலேயே, வேட்பாளரின் பெயர் இரண்டாம் இடத்துக்குச் சென்றுவிட்டது என்று கூறுவது மிகையாகாது. முதலமைச்சருக்கு நிகரான பிரதம மந்திரிப் பொறுப்பில் இருந்த பொப்பிலி அரசரே தம் சொந்த ஊரில் வி. வி. கிரியிடம் தோற்றது, பரம்பரைச் செல்வாக்கு மறுபோட்டிக்குப் போதாது என்பதை மாகாணம் முழுவதற்கும் உணர்த்தியது.

அத்தேர்தலில் சட்டமன்றத்துக்குள் நுழைந்தவர்களுள் ஒருவர் இராஜபாளையத்தின் பி. எஸ். குமாரசாமி ராஜா. 1898 ஜூலை 8-இல் பிறந்து, சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து, பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்த அவர், காந்தியடிகளின் பணிகளால் ஈர்க்கப்பட்டுக் காங்கிரசில் சேர்ந்தவர். 1946-இல் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டு த. பிரகாசத்தின் அமைச்சரவையில் இடம்பெற்ற அவர், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் பதவி விலகிய பின், 1949 ஏப்ரல் 6-இல் மாகாணத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1950 ஜனவரி 26-இல் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அப்பதவியின் பெயர் முதலமைச்சர் என மாறியதால், சென்னையின் கடைசிப் பிரதம மந்திரியும் முதலாவது முதலமைச்சரும் இந்த வட்டாரத்தைச் சேர்ந்த ஒருவரே ஆனார். அரிசிப் பற்றாக்குறையும் பங்கீட்டு முறையும், அடுத்தடுத்துப் பொய்த்த பருவமழையும், நெசவாளரின் நூல் தட்டுப்பாடும், ஆந்திரப் பகுதியில் கம்யூனிஸ்டுகளுடன் நேர்ந்த மோதலும், வகுப்புவாரி ஒதுக்கீட்டு ஆணை நீதிமன்றத்தால் செல்லாததாக்கப்பட்டு 1951-இல் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்துக்கு வழிகோலிய கிளர்ச்சியும் அவருடைய ஆட்சியின் மூன்றாண்டுகளை நிறைத்தன.

வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை அளிக்கப்பட்ட முதற்பொதுத்தேர்தல் சென்னை மாநிலத்தில் 1952 ஜனவரியில் கட்டங்கட்டமாக நடந்தது. அதன் நடைமுறை இன்றைய வாசகருக்கு விளக்கம் வேண்டுவதாகும். அன்று வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயரோ சின்னமோ அச்சிடப்படவில்லை. மறைவிடத்தில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி வைக்கப்பட்டு, அதன்மேல் அவருடைய சின்னம் ஒட்டப்பட்டிருக்க, வாக்காளர் தமக்கு வேண்டியவரின் பெட்டியில் சீட்டை இட்டு வந்தார். காங்கிரசுக்கு நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை சின்னமாயிற்று. மொத்தம் 375 இடங்களுக்கு 309 தொகுதிகள் அமைக்கப்பட்டு, அவற்றுள் 66 தொகுதிகள் இரண்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் இரட்டை உறுப்பினர் தொகுதிகளாக இருந்தன. பட்டியல் வகுப்பினருக்கோ பழங்குடியினருக்கோ ஓரிடத்தை உறுதிசெய்வதற்காக ஏற்பட்ட அம்முறை 1961-இல் ஒழிக்கப்பட்டது. சட்டமன்ற வேட்பாளர் கட்ட வேண்டிய வைப்புத்தொகை 250 ரூபாய். பட்டியல் வகுப்பினருக்கு அதில் பாதி.

ஆட்சியில் இருக்கும் முதலமைச்சர் என்னும் நிலையில் குமாரசாமி ராஜா ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றார், தோற்றார். அவருடைய அமைச்சர்கள் பலரும் அதே தேர்தலில் தோல்வியுற்றனர். காங்கிரசுக்குக் கிடைத்தவை 152 இடங்களே ஆதலால் அறுதிப் பெரும்பான்மை இல்லாமல் போய், மேலவைக்கு நியமிக்கப்பட்ட இராஜாஜி 1952 ஏப்ரல் 10-இல் முதலமைச்சராகும் வரை, தோற்றவரே பொறுப்பு முதலமைச்சராக நீடிக்க வேண்டியிருந்தது. இத்தோல்வியை அவருடைய தனிப்பட்ட நேர்மையின்மீது மக்கள் அளித்த தீர்ப்பாகக் கொள்வதற்கு இடமில்லை. தம் இல்லத்தையே பொதுப்பணிக்கு அளித்து, இராஜபாளையத்தின் காந்தி கலை மன்றம் அமையக் காரணமாக இருந்த ஒருவரை அவ்வூர் மக்கள் இன்றும் மதிப்புடனேயே நினைக்கின்றனர். முதன்முறையாக வாக்குச்சாவடிக்கு வந்த ஏழை வாக்காளர், பங்கீட்டுக் கடையின் அளவைக் கொண்டு ஆட்சியை அளந்தார். அவ்வாட்சியின் தலைவர் தம் வட்டாரத்து மனிதர் என்பதற்காக அந்த அளவுகோலை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. 1954 முதல் 1956 வரை ஒரிசாவின் ஆளுநராகப் பணியாற்றிய ராஜா 1957-இல் மறைந்தார். தம் தொகுதியிலேயே மறுபோட்டியில் வீழ்ந்த ஆட்சித் தலைவர்களின் வரிசையில் 1937-இன் பொப்பிலி அரசருக்கு அடுத்து அவர் பெயரும், 1967-இல் ஸ்ரீபெரும்புதூரில் தோற்ற மீ. பக்தவத்சலம், 1996-இல் பர்கூரில் தோற்ற ஜெ. ஜெயலலிதா ஆகியோர் பெயர்களும் இடம்பெறுகின்றன. அறுபது ஆண்டுக் காலத்தில் நால்வர் என்பது சிறிய எண்ணிக்கை அன்று.

அதே 1952-இல், அதே ஸ்ரீவில்லிபுத்தூரின் பெயரால் அமைந்த நாடாளுமன்றத் தொகுதியில் கு. காமராஜர் வென்றார் என்பதனை இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே கட்சியின் இரு பெருந்தலைவர்களுள் ஒருவரை அனுப்பி, மற்றவரை நிறுத்திவிட்ட இம்முடிவு, இரு தொகுதிகளின் எல்லைகளும் வேறுபட்டவை என்றாலும், வாக்காளர் ஆட்சியையும் இயக்கத்தையும் பிரித்தறிந்து வாக்களித்தனர் என்னும் கருத்துக்கு வலுவூட்டுகிறது. 1954 ஏப்ரலில் முதலமைச்சரான காமராஜர் சட்டமன்றத்துக்குள் வருவதற்குத் தம் சொந்த வட்டாரத்தை நாடாமல் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்றார். 1957-இலும் 1962-இலும் அண்டைத் தொகுதியான சாத்தூரில் வென்றார். 1967-இல் விருதுநகரில், தி.மு.க.வின் மாணவர் தலைவராக இருந்த பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். ஸ்ரீவில்லிபுத்தூர் நாடாளுமன்றத் தொகுதியோ 1957-இல் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவரைத் தேர்ந்தெடுத்தது. இரு முதலமைச்சர்களை ஈன்ற மண், இருவரையுமே ஒருமுறை தோற்கடித்திருக்கிறது.

காங்கிரஸ் ஆட்சிக் காலத்தில் வேட்பாளரை முடிவு செய்யும் இடம் மாவட்டக் காங்கிரஸ் குழுவுக்கும் மாநிலக் குழுவுக்கும் தில்லியின் மத்தியத் தேர்தல் குழுவுக்கும் இடையே பகிர்ந்து கிடந்தது. பதவியில் இருக்கும் உறுப்பினர் தம் விருப்பத்தை மாவட்டக் குழுவிடம் தெரிவித்து, அங்கே எதிர்ப்பு இருந்தால் பேசித் தீர்த்து, பரிந்துரை பெற்று மேலே செல்ல வேண்டியிருந்தது. மந்தமான முறையாயினும், உள்ளூரின் குரலுக்கு அதில் ஓரிடம் இருந்தது. 1967-க்குப் பின் திராவிட இயக்கக் கட்சிகள் அந்த இடத்தை வேறுவிதமாக நிரப்பின. கிளை, ஒன்றியம், நகரம், மாவட்டம் என்று கீழிருந்து கட்டப்பட்ட அமைப்பு அவற்றுக்கு இருந்தபோதிலும், வேட்பாளர் பட்டியல் தலைமையின் கையொப்பத்துடனேயே வெளிவந்தது. 1968-ஆம் ஆண்டின் தேர்தல் சின்னங்கள் ஆணை, அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்கே சின்னத்தை உரிமையாக்கியதால், உதயசூரியனோ இரட்டை இலையோ இல்லாமல் நிற்பது தற்கொலைக்கு ஒப்பானது என்னும் எண்ணம் உறுப்பினர்களிடையே வேரூன்றியது.

அந்த எண்ணத்தை நேரடியாகச் சோதித்துப் பார்த்த தொகுதி ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகும். 1977-இல் அ.தி.மு.க. முதன்முறை ஆட்சிக்கு வந்த தேர்தலில் இங்கே வென்ற இரா. தாமரைக்கனி, எம்.ஜி.ஆர். அரசு 1980 பிப்ரவரியில் மத்திய அரசால் கலைக்கப்பட்டபோது, ஐந்தாண்டுக் காலத்தில் பாதியளவே கடந்த நிலையில் மீண்டும் வாக்குக் கேட்க நேர்ந்து, அவ்வாண்டும், பின்னர் 1984-இலும் வென்றார். ஆட்சிக் கலைப்பு என்பது உறுப்பினரின் கணக்கைப் பாதியில் முறித்து, அவர் செய்ததும் செய்யாததும் தெளிவாகும் முன்பே அவரை மக்கள்முன் நிறுத்திவிடுகிறது. 1976, 1980, 1988, 1991 ஆகிய ஆண்டுகளில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் அவ்வாறு இடையிலோ முடிவிலோ கலைக்கப்பட்டிருப்பதனால், மறுபோட்டியின் வரலாற்றை எழுதுவோர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்னும் ஒழுங்கான கணக்கைப் பின்பற்ற முடிவதில்லை. எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் கட்சி பிளவுபட்ட நிலையில் நடந்த 1989 தேர்தலில் தொகுதி தி.மு.க.விடம் சென்றது, அவ்வாறு வென்றவரின் காலமும் 1991 ஜனவரிக் கலைப்பால் ஈராண்டில் முடிந்தது.

1991 ஜூனில் நடந்த தேர்தல், ராஜீவ் காந்தி படுகொலையின் துயரத்தில் நடந்தது. அ.தி.மு.க.–காங்கிரஸ் கூட்டணி 234 தொகுதிகளில் 225-ஐக் கைப்பற்ற, தி.மு.க. இரண்டே இடங்களில் வென்ற அந்த அலையில், கட்சியின் சின்னம் இல்லாமல் சுயேச்சையாக நின்ற தாமரைக்கனியை ஸ்ரீவில்லிபுத்தூர் வாக்காளர்கள் தேர்ந்தெடுத்தனர். "சீட்டு" என்று பேச்சுவழக்கில் சொல்லப்படும் கட்சி வாய்ப்பின்றி, தம் பெயரால் தாமே போட்டியை அறிவித்து வெல்ல முடியும் என்பதற்கு அக்காலத் தமிழ்நாட்டில் இதைவிட வலிய சான்று இல்லை. ஐந்தாண்டு கழித்து, 1996-இல், அலை எதிர்த்திசையில் அடித்து, முதலமைச்சர் உட்பட அ.தி.மு.க.வின் பெருந்தலைகள் வீழ்ந்து, அக்கட்சிக்கு நான்கே இடங்கள் மிஞ்சியபோது, அந்த நான்கில் ஒன்று இரட்டை இலைச் சின்னத்தில் மீண்டும் நின்ற தாமரைக்கனியின் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகும். அடுத்தடுத்த இரு தேர்தல்களில், மாநிலம் முழுவதையும் அடித்துச் சென்ற இரு வெள்ளங்களுக்கு எதிராக ஒரே தொகுதி ஒரே மனிதரைப் பிடித்து நிறுத்தியது, தொண்டர்களுடனும் தெருக்களுடனும் அவர் கொண்டிருந்த அன்றாடத் தொடர்பின் பயன் என்றே கொள்ள வேண்டும். சட்டமன்றத்தினுள் அவருடைய நடத்தை கண்டனத்துக்கு உள்ளானதும் உண்மையே. வாக்காளர் அவரைத் தேர்ந்தெடுத்தது அவை ஒழுங்குக்காக அன்று, தொகுதியில் அணுகத் தக்கவராக இருந்ததற்காகவே என்பது அதனால் இன்னும் தெளிவாகிறது.

ஆயினும் தனிமனிதச் செல்வாக்குக்கும் எல்லை உண்டு என்பதை 2001 காட்டியது. அவ்வாண்டு அ.தி.மு.க. தாமரைக்கனிக்கு வாய்ப்பளிக்காமல் அவருடைய மகன் இன்பத்தமிழனை நிறுத்தியபோது, தந்தை மீண்டும் சுயேச்சையாகக் களம் இறங்கினார். 1991-இல் கட்சியை வென்ற தந்தை 2001-இல் மகனிடம், அதாவது மகனின் வழியாகக் கட்சியிடம், தோற்றார். வென்ற மகன் அமைச்சரும் ஆனார். தந்தை 2005-இல் காலமானார். ஒரு குடும்பத்தின் துயரமாக இதழ்களில் பேசப்பட்ட அப்போட்டி, வரலாற்று நோக்கில், தாமே அறிவித்து நிற்கும் உரிமை இவ்வட்டாரத்தில் கடைசியாக வலுவுடன் கோரப்பட்டதும் மறுக்கப்பட்டதும் ஆன நிகழ்வாகும்.

கட்சியின் பிடி இறுகியதற்குச் சட்டமும் துணை நின்றது. 1985-இல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பத்தாம் அட்டவணை, கட்சியின் கொறடா ஆணையை மீறி வாக்களிக்கும் உறுப்பினரையும், சுயேச்சையாக வென்றபின் ஒரு கட்சியில் சேரும் உறுப்பினரையும் பதவி இழக்கச் செய்கிறது. 1996-இன் திருத்தத்துக்குப் பின், அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளரை ஒரு வாக்காளர் முன்மொழிந்தால் போதும். மற்றவருக்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். கட்சியின் வேட்பாளர் இவரே என்று சான்றளிக்கும் "ஏ", "பி" படிவங்கள் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் குறித்த நேரத்துக்குள் சேராவிடில், ஐந்தாண்டு உறுப்பினராக இருந்தவரும் சின்னத்தை இழக்கிறார். ஆகவே இன்று பதவியில் இருப்பவர் செய்வது அறிவிப்பு அன்று. மற்ற விருப்பமுள்ளோருடன் வரிசையில் நின்று, குறிப்பிட்ட கட்டணம் செலுத்தி, தலைமையகத்தில் "விருப்ப மனு" அளித்து, நேர்காணலுக்குச் சென்று, பட்டியல் வெளியாகும் வரை காத்திருப்பதே ஆகும். கூட்டணிப் பேச்சில் தொகுதி வேறு கட்சிக்கு ஒதுக்கப்பட்டுவிட்டால், அவருடைய பணியைப் பற்றிய கேள்வியே எழாமல் அவர் விலக நேர்கிறது.

தொகுதி மறுசீரமைப்பு இதனினும் கடுமையான முறிவை ஏற்படுத்தியது. 2001 மக்கள் தொகைக் கணக்கின் அடிப்படையில் 2008-இல் வெளியிடப்பட்ட ஆணையால், 2006 வரை பட்டியல் வகுப்பினருக்குரிய தனித்தொகுதியாக இருந்த இராஜபாளையம் பொதுத்தொகுதியாகவும், பொதுத்தொகுதியாக இருந்த ஸ்ரீவில்லிபுத்தூர் தனித்தொகுதியாகவும் மாறின. தனித்தொகுதிகள் இடம் மாறுவது நியாயமே. ஒரே ஊரின் வாக்காளருக்கு எக்காலத்திலும் வாய்ப்புச் சுருங்குவதை அது தடுக்கிறது. ஆனால் மாற்றம் நேரும் தேர்தலில், தாம் தேர்ந்தெடுத்தவர் என்ன செய்தார் என்று கேட்டு வாக்களிக்கும் வாய்ப்பு வாக்காளரின் கையை விட்டு நழுவுகிறது. 2006-இல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் டி. இராமசாமி வென்ற ஸ்ரீவில்லிபுத்தூரில் 2011-இல் அதே கட்சி, எதிர்க் கூட்டணிக்கு மாறிய நிலையில், வெ. பொன்னுபாண்டியை நிறுத்தி வென்றது. 2006-இல் இராஜபாளையத்தில் அ.தி.மு.க. சார்பில் வென்றவர் மு. சந்திரா, 2011-இல் அங்கே அக்கட்சியின் வேட்பாளராக வென்றவர் கே. கோபால்சாமி. பட்டியல் வகுப்பைச் சேர்ந்த ஒருவர் பொதுத்தொகுதியில் நிற்பதற்குச் சட்டத்தில் எத்தடையும் இல்லை. கட்சிகள்தாம் அவ்வாறு நிறுத்தத் தயங்குகின்றன. இத்தயக்கம் நீங்காதவரை, தனித்தொகுதி மாறும் ஒவ்வொரு முறையும் பட்டியல் வகுப்பு உறுப்பினரின் அனுபவம் வீணாவதைத் தடுக்க முடியாது.

2016, 2021 ஆகிய ஆண்டுகளின் தேர்தல்கள் இருவேறு வழிகளைக் காட்டுகின்றன. 2016-இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் அ.தி.மு.க. சார்பில் வென்ற எம். சந்திரபிரபாவுக்கு 2021-இல் அக்கட்சி வாய்ப்பளிக்காமல் இ. எம். மான்ராஜை நிறுத்தியது, அவர் வென்றார். எதிர்த்து நின்ற காங்கிரஸ் வேட்பாளர் மாதவராவ், வாக்குப்பதிவு முடிந்து எண்ணிக்கைக்குக் காத்திருந்த நாள்களில், ஏப்ரல் 11 அன்று நோயால் மறைந்தார். அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளர் வாக்குப்பதிவுக்கு முன் இறந்தால் தேர்தல் தள்ளிவைக்கப்படும், பின் இறந்தால் எண்ணிக்கை தொடரும் என்பது சட்டம். இராஜபாளையத்திலோ, 2016-இல் வென்ற தி.மு.க.வின் சா. தங்கப்பாண்டியன் 2021-இல் மீண்டும் நிறுத்தப்பட்டு, சிவகாசியிலிருந்து தொகுதி மாறி வந்த அமைச்சர் கே. டி. ராஜேந்திர பாலாஜியைத் தோற்கடித்தார். தம் பணியைத் தெரிந்தவர்களிடமே மீண்டும் செல்வது ஒரு வழி. வேறு தொகுதிக்குப் பெயர்வது மற்றொன்று. இரண்டாவது வழியைச் சட்டம் தடுக்கவில்லை என்றாலும், கணக்குக் கேட்க வேண்டிய வாக்காளர் ஓரிடத்திலும் வாக்குக் கேட்கப்படுபவர் வேறிடத்திலும் இருப்பது மறுபோட்டியின் பயனைக் கெடுத்துவிடுகிறது.

கணக்கு என்னும் கருத்து தமிழ் மண்ணுக்குப் புதியது அன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஊராட்சி வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும்போது, முந்தைய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவரை விலக்கியதோடு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய நெருங்கிய உறவினரையும் தகுதியற்றவராக்கின. நிலமும் வேதக் கல்வியும் உடைய பிராமண ஆடவர்க்கே உரியதாக இருந்த அந்த ஊர்ச்சபையை இன்றைய மக்களாட்சியின் முன்னோடியாகப் போற்றுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஆயினும் மீண்டும் பதவி கேட்பவர் முதலில் கணக்குக் காட்ட வேண்டும் என்னும் விதி அங்கே கல்லில் வெட்டப்பட்டிருந்தது. இன்றைய வேட்புமனுவில் அதற்கு நிகரானது, உச்ச நீதிமன்றத்தின் 2002-ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தொடர்ந்து கட்டாயமாக்கப்பட்ட உறுதிமொழிப் பத்திரமே. சொத்து, கடன், கல்வி, வழக்குகள் ஆகியவற்றைத் தெரிவிக்கும் அப்பத்திரத்தின் முந்தைய படியையும் புதிய படியையும் ஒப்பிட்டு, பதவிக்காலத்தில் உறுப்பினரின் செல்வம் எவ்வளவு மாறியது என்பதை எந்த வாக்காளரும் அறியலாம். அரசுக் குடியிருப்பு பெற்றிருந்தவர் வாடகை, மின்சாரம், குடிநீர், தொலைபேசி நிலுவை இல்லை என்றும் காட்ட வேண்டும். ஆண்டுக்கு 3 கோடி ரூபாயாக உயர்ந்துள்ள தொகுதி மேம்பாட்டு நிதி எவ்வாறு செலவாயிற்று, சட்டமன்றத்தில் எத்தனை கேள்விகள் கேட்கப்பட்டன என்பவற்றுக்கு மட்டும் அதில் இடமில்லை. நிழற்குடைகளின்மேல் எழுதப்பட்ட பெயர்களைத் தேர்தல் நடத்தை விதிகளின்படி துணியாலும் தாளாலும் மறைக்கும் அரசு, அந்த நிழற்குடைகளின் செலவுக் கணக்கை வேட்புமனுவோடு சேர்த்து வெளியிடச் செய்வது அரிய செயல் அன்று. செய்ய வேண்டிய செயலாகும்.

இவ்வரலாற்றின் சான்றுகள் விரைந்து அழிந்து வருகின்றன. தேர்தல் காலங்களில் மாதக்கணக்கில் முன்கூட்டியே "இடம் பிடித்து" எழுதப்பட்ட சுவர் விளம்பரங்கள், பொது இடங்களைச் சீர்குலைத்தலைத் தடுக்கும் 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் தேர்தல் ஆணையத்தின் கண்டிப்பாலும் நகரங்களில் அருகிவிட்டன. வேட்பாளர் தம் பெயரில் அச்சிட்டு வீடுதோறும் அளித்த துண்டு நோட்டீஸ்களின் இடத்தைக் கைப்பேசிச் செய்திகள் பிடித்துக்கொண்டன. ஓர் உறுப்பினர் முதல் தேர்தலில் என்ன வாக்குறுதி அளித்தார், மறுபோட்டியில் அதைப் பற்றி என்ன சொன்னார் என்பதனை ஒப்பிட்டு அறிவதற்கு அந்த நோட்டீஸ்களே முதன்மைச் சான்று. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இராஜபாளையத்திலும் பழைய பெட்டிகளிலும் கணக்குப் புத்தகங்களின் இடுக்கிலும் 1952-இன் இரட்டைக் காளை நோட்டீசோ, 1991-இன் சுயேச்சை வேட்பாளரின் வேண்டுகோளோ வைத்திருப்போர், அவற்றைப் பழைய தாளுக்குப் போடாமல் பென்னிங்டன் நூலகத்திடமோ காந்தி கலை மன்றத்திடமோ ஒப்படைக்க வேண்டும்.